அடிப்பிடித்த கஞ்சி

அவன் அவளுடைய பல்லைப் பார்த்தான்.

வாங்க வந்த எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள், தோட்ட வேலைக்கு விற்கப்படுவதற்காக, கப்பலின் மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். பல், கை, நடை. பிறகு விலை.

அவள் அவனுடைய மனைவி.

தெரிந்தால் கேப்டன் விலையை ஏற்றிவிடுவார். விலையாகக் கொடுக்க அவன் படகில் இருந்தது இரண்டு பீப்பாய் புகையிலை. அவன் விளைவித்தது அவ்வளவுதான்.

முன்பு அமெரிக்காவின் இதே மேரிலாண்ட் துறையில் அவன் பல்லையும் இப்படிப் பார்த்தார்கள். ஆடு திருடியவன். ஏழு வருடத் தண்டனை முடிந்து இப்போது குத்தகை நிலம், ஒரு குடிசை.

போன கோடையில் ஒரு மாலுமியிடம் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வருவேன், துறையில் நில்.

"இவ திருடினதே வேடிக்கை," கேப்டன் சிரித்தார். "கடைக்காரன் பாக்கப் பாக்க வெள்ளிக் கரண்டிய எடுத்திருக்கா. ஓடல. பிடிக்கிற வரைக்கும் நின்னுருக்கா!"

அவன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைப் பார்க்கத் துணிவில்லை.

பட்டுக் கோட்டு அணிந்த தோட்டத் துரை ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

"சமைப்பியா?"

அவள் துரையின் தோளுக்கு மேல் அவனைப் பார்த்தாள்.

"சமைப்பேன் துரை. கஞ்சிதான் அடிப்பிடிச்சிரும்."

துரை முகம் சுளித்து அடுத்தவளிடம் போனார்.



அவள் வைத்த கஞ்சி ஒரே ஒரு காலைதான் அடிப்பிடித்தது. காவலர்கள் அவனை இழுத்துப் போக, அடுப்பை மறந்து அவள் தெருமுனைவரை ஓடி வந்த காலை.

"நீயாவது கூட்டிட்டுப் போறியா?" என்றார் கேப்டன். "தினமும் தீஞ்ச கஞ்சிதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதே."

"ஒரே ஒரு தடவதான் தீஞ்சுது."

சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கேப்டனின் சிரிப்பு நின்றது. அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"என்ன வச்சிருக்கே?"

"ரெண்டு பீப்பாய் புகையில, ஐயா."

"கஞ்சி வைக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ண ஏத்து."

அவன் தொப்பியைக் கழற்றினான். ஏழு வருடம் துரைமார் முன்னால் கழற்றிய கைதான். இன்று அதற்கு யாரும் கட்டளையிட வேண்டியிருக்கவில்லை.

படகில் மிஞ்சிய பீப்பாயின் மேல் அவள் உட்கார்ந்தாள். அவன் துடுப்புப் போட்டான்.

குடிசை வாசலில் அவள் கேட்டாள்.

"அடுப்பு எங்க?"