ஆறேகால் மயில்

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாய் வெளிய போகோணும். இல்லைன்னா நீங்க வீட்டைக் காலி பண்ணிக்குங்க, அம்மணி."

வரதராஜுலு வாசலில் நின்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதுக்கரையில் அந்த வீட்டின் மாடியில் அவர் இருக்கிறார். கீழ்வீட்டில் கோமளா குடியிருக்கிறாள்.

கோமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மக ஹர்ஷிணி ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து டைகர்தானுங்க எனக்குத் துணை. அது யாரையும் கடிச்சதில்லீங்களே!"

"கடிச்சாக்கூடப் பரவாயில்லை. முருகன் வாகனத்தை இல்ல துரத்துது! வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போறவன் நான். என் வீட்டுல இருந்துக்கிட்டு இந்தப் பாவமா?"

மயில் தினமும் வருவது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு. பாலுசாமியும் அவர் மனைவி குழந்தையம்மாளும் அங்கே ஆசையாகத் தக்காளி போட்டிருந்தார்கள். மயில் பழுத்ததாகப் பார்த்துக் கொத்தும். குழந்தையம்மாள் அதை 'ச்சூ' என்றுகூடச் சொன்னதில்லை. "முருகா, முருகா" என்று கையைக் கூப்பிக்கொண்டு நிற்பாளாம். கேட்டவர்கள் எல்லாம் உருகிப்போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் டைகர் பாயும்.

"தாழ்ப்பாள் போட்டுத்தானுங்க வைக்கறேன். எப்படித்தான் கேட்டைத் திறக்குதோ!" என்றாள் கோமளா.

"நாய் தாழ்ப்பாள் திறக்குதா? அப்படியே பால் பாக்கெட்டும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க!"

சத்தம் கேட்டுப் பாலுசாமியும் குழந்தையம்மாளும் வெளியே வந்தார்கள்.

"வாங்க பாலுசாமி. காலங்காத்தால சேர் போட்டு உட்கார்ந்து, எந்தச் செடிக்கு எந்தக் குருவி வந்துச்சுன்னு நோட்டுல எழுதறீங்களே, அதை எடுத்துட்டு வாங்க. நாய் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு இவங்க காதுல விழட்டும்."

"அது சும்மா பொழுது போகறதுக்கு எழுதறதுங்கண்ணா..."

"பரவாயில்லை, எடுத்துட்டு வாங்க!"

பாலுசாமி நோட்டைக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"காலை 6.02. செம்பருத்தியில் தேன்சிட்டு ஒரு ஜோடி. 6.08. கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவி மூன்று. 6.15. மயில். தக்காளி இரண்டு. 6.16. என் சம்சாரம் கும்பிட்டாள்."

அதோடு நோட்டை மூடிவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடியில பவர் பத்தலைங்கண்ணா."

குழந்தையம்மாள் கோமளாவைப் பார்த்தாள். அவள் டைகரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அது ஒன்றும் புரியாமல் அவள் கன்னத்தை நக்கியது.

"ஏனுங்க, மீதியையும் படிங்க" என்றாள் குழந்தையம்மாள் மெதுவாக.

"வேண்டாம், விடு."

"படிங்க. வாயில்லாத ஜீவனுங்க அது."

பாலுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"6.17. என் சம்சாரம் பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து நாய்க்கு வர்க்கி பிஸ்கட் காட்டினாள். 6.18. நாய் வந்தது. மயில் பறந்தது. 6.19. என் சம்சாரம் மறுபடியும் கும்பிட்டாள்."

கோமளா படியிலிருந்து சட்டென்று எழுந்தாள்.

"நான் விரட்டினா பாவமுங்களே. நாய்க்குப் பாவ புண்ணியம் கிடையாதுன்னு நினைச்சு அப்படிச் செஞ்சுபோட்டேன்" என்றாள் குழந்தையம்மாள், தலையைத் தூக்காமல். "தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சுரு, அம்மணி."

வரதராஜுலு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! கையில கும்பிடு, மடியில வர்க்கியா? பழனியில மொட்டை அடிச்சாலும் இந்தப் பாவம் தீராதுங்க!"

"அண்ணா, கீழ இன்னும் ரெண்டு மூணு வரி இருக்குதுங்க. விட்டுரட்டுங்களா?"

"அதெப்படி விடறது? முழுசாப் படிங்க. எல்லாம் வெளிய வரட்டும்!"

பாலுசாமி படித்தார்.

"6.20. மயில் வரதராஜுலு அண்ணன் மொட்டை மாடியில் இறங்கித் தொட்டியிலிருந்த கொத்தமல்லியைத் தின்றது. 6.21. அண்ணன் செருப்பைக் கழற்றி எறிந்தார். மயில் மேல் படவில்லை. 6.22. இன்னொரு செருப்பு."