கண்ணீர் அஞ்சலி, அனுமதி இலவசம்

"சேர், ஒருக்கா வாசலுக்கு வந்து 'நான் உயிரோடதான் இருக்கிறன்' எண்டு சொல்லுங்க. நான் சொன்னா ஆக்கள் நம்புறாங்க இல்ல!"

பிரஷாந்தி கெஞ்சினாள். நல்லரத்தினம் கதிரையை விட்டு அசையவில்லை. யன்னல் சீலையை விரலால் விலக்கி ஒழுங்கையைப் பார்த்தார்.

"இப்ப வந்தது ஆர் புள்ள?"

"கிரான் ஊரில இருந்து ஒரு ஆள். முந்தி உங்களோட பஸ்ஸில வேலை செஞ்சவராம். பேஸ்புக்கில பாத்துட்டு மலர்வளையத்தோட வந்து நிக்கிறார்."

"அவரா? தேத்தண்ணி குடுத்து அனுப்பு."

அன்று மாலை கல்லடி மண்டபத்தில் நாடகம். மாமியாருக்குப் பயந்து செத்தவனாக நடிக்கும் ஒருவனின் கதை. எழுதி இயக்கியவள் பிரஷாந்தி, பாடசாலை ஆசிரியை. செத்தவன் நல்லரத்தினம். ஒத்திகைக்கு ஒருநாளும் பிந்தாத மனிதர்.

விளம்பரமும் பிரஷாந்தியின் யோசனைதான். மரண அறிவித்தல் போலவே ஒரு பெனர்; பேஸ்புக்கிலும் அதே படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் அவர் படம். கீழே, 'சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட இன்று மாலை கல்லடி மண்டபத்துக்கு வாருங்கள். அனுமதி இலவசம்.'

கீழ்வரியை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

படலை திறந்தது. காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் முனாப், நல்லரத்தினத்தின் பழைய நண்பர், கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தார். கதிரையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! நீங்க மௌத்தாகல்லியா?"

"இல்ல முனாப். கோபமா?"

"கடையப் பூட்டிட்டு வழி முழுக்க அழுதுட்டு வாறன். அந்தக் கண்ணீரத் திருப்பித் தாங்க!"

"இது நாடகம், முனாப் நானா," என்றாள் பிரஷாந்தி. "பெனர்ல கீழ போட்டிருக்கே, வாசிக்கல்லியா?"

"கீழ என்ன இருக்கு? படத்தோட முடிஞ்சி போச்சி. காலையில குருக்கள்மடத்துல இறங்கி நிண்டு பாத்தனே."

"குருக்கள்மடமா? நாங்க அங்க கட்டவே இல்லியே!"

"கட்டியிருக்கு புள்ள. ஒரு வீட்டுக் கேற்றுக்கு நேர முன்னால."

பிரஷாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் போன் அலறியது. மண்டபத்திலிருந்து.

"சேர், அங்க ஆக்கள் வெள்ளை உடுத்து வந்து இருக்கிறாங்களாம். ஒரு கிழவி ஒப்பாரியும் தொடங்கிட்டாவாம். இனி ஆரு சிரிக்கப்போற? நீங்க மேடையில நிண்டாத்தான் நம்புவாங்க. எழும்புங்க."

"கொஞ்சம் பொறு."

"என்னத்துக்கு? உங்கட போனையும் நிப்பாட்டி வச்சிருக்கிறீங்க. நாடகத்தையும் நிப்பாட்டவா?"

"நிப்பாட்டத்தான் வேணுமெண்டா நிப்பாட்டு புள்ள."

நாடகம் நாடகம் என்று அலைந்த மனிதர் இவர்தானா? பிரஷாந்தி முனாப்பைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

ஒழுங்கையில் ஓட்டோ ஒன்று பிரேக் அடித்தது. ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"அப்பா! என்ட அப்பா!"

"விதுர்ஷா..." என்று முணுமுணுத்த முனாப் வழிவிட்டார். சேருக்கு மகள் இருப்பதே பிரஷாந்திக்குத் தெரியாது.

உள்ளே வந்த விதுர்ஷா கதிரையில் இருந்தவரைக் கண்டு அப்படியே நின்றாள். பிறகு அவர் காலடியில் குந்தி, அவர் முழங்காலில் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் தடுக்கவில்லை. அவள் கை ஓய்ந்தபின் தலையைத் தடவினார்.

"இது ஆரு செஞ்ச வேலை?" என்று பிரஷாந்தி கத்தினாள். "பெனர்ர கீழ்வரியை வெட்டினது ஆரு?"

நல்லரத்தினம் எழும்பி வேட்டியைச் சரிசெய்தார்.

"நான்தான் புள்ள. இவள்ட கேற்றுக்கு முன்னால கட்டினதும் நான்தான். வா, நாடகத்துக்கு நேரமாச்சு. 'என்ட கலியாணத்துக்கு வராத உங்கட செத்த வீட்டுக்கும் நான் வரமாட்டன்' எண்டு சொன்னவள் வந்திட்டாள்."