கீழே எட்டாத கூப்பாடு

மாடித் தேர்வுக் கூடத்தில் எல்லாத் திரைகளும் கறுத்துக் கிடக்கின்றன. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது. தேர்வெழுத வந்த பிள்ளைகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். "கீழ எல்லாம் ஓடுச்சேக்கா," என்கிறான் கணினி மாட்டிய தம்பி, மேசைக்கடியிலிருந்து. "அப்ப பரீட்சையும் கீழயே வைக்கவா?" என்கிறாள் கூடத்துக்குப் பொறுப்பான அக்கா. இந்தக் கணினிகள் கீழ்த்தள சர்வரைக் கூப்பிட்டுத்தான் உயிர் பெறும். தம்பி அவற்றை அந்தச் சர்வர் பக்கத்திலேயே வைத்துச் சோதித்துவிட்டான். மாடி வேறு நெட்வொர்க் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. "இதுங்க கூப்பிடுறது நடுவுல இருக்கிற ரௌட்டரோட நின்னுடுது. அதுதான் கீழ எடுத்துச் சொல்லணும்." "சொல்ல வையேன்டா!" "ரௌட்டர் பாஸ்வேர்டு பெரிய ஆபீசர்கிட்ட இருக்கு. நீ கேளுக்கா." தம்பி 'எல்லாம் சரி' என்றதை நம்பி, "மாடியிலயும் போட்டுப் பார்த்தாச்சு சார்," என்று நேற்று அவரிடம் அடித்துச் சொன்னவள் அவள். போனைக் காதில் வைக்கிறாள். "என்னம்மா, ஆரம்பிச்சாச்சா?" தம்பி கையிலிருக்கும் கேபிளின் முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "இல்ல சார். நேத்து நான் சொன்னது..." வெள்ளைக் கோடுகள் சிமிட்டிக்கொண்டே இருக்கின்றன.