காளான் மாத்திரை

"எங்கப்பாவுக்கு என்ன சொல்லிக் குடுத்தே?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எதுவும் சொல்லிக் குடுக்கலை, மேடம்."

கேட்டவள் சுங்க அதிகாரி. இருபது வருஷமாக விமான நிலையத்தில் ஊரார் பெட்டியைக் கிளறியவள். சிரித்துக்கொண்டே வருகிறவரைத்தான் முதலில் நிறுத்துவாள்.

அப்பாவுக்குப் புற்றுநோய். சாவு பயத்தில் தூக்கம் போய்விட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு மனசில் காட்சிகள் தோன்றவைக்கிற ஏதோ காளானிலிருந்து எடுத்த மாத்திரையைக் கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கண்ணைக் கட்டி, காதில் இசையை மாட்டி, ஆறு மணி நேரம் சோபாவில் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் இந்த நர்ஸ் மட்டும்.

வெளியே வந்தவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "சுவர் மூச்சு விட்டுச்சும்மா. நிறமெல்லாம் பாட்டுப் பாடிச்சு. நடுவுல உங்கம்மா நின்னா. உன்மேல கோபமே இல்லையாம். சொல்லச் சொன்னா."

அம்மா போய் நாலு வருஷம். "உடனே வா" என்று அப்பா மூன்று முறை போன் செய்தும், லீவு இல்லை என்று மகள் சொல்லிவிட்டாள். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் அப்பா அவளிடம் அம்மாவின் பேச்சையே எடுத்ததில்லை.

அந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருஷமாக ஏங்கிக் கிடந்தவள் அவள். கடைசியில் அது ஒரு காளான் வாயிலிருந்தா வரவேண்டும்?

"நில அளவை ஆபீஸ்ல நாற்பது வருஷம் கோடு போட்டவர் அவர். நிறம் பாடிச்சுன்னு அவர் வாயில வருமா? மாத்திரை போட்டா எப்படி இருக்கும்னு நீங்க குடுத்த நோட்டீஸ்ல அதே வரி இருக்கு. பார்த்துட்டேன். எங்கம்மா விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஐயாதான் சொன்னார்."

"அதை வெச்சு நீ கதை கட்டிட்டே!"

நர்ஸ் கையிலிருந்த குறிப்பை உறையில் போட்டு ஒட்டினாள்.

மகள் அன்றே புகார் எழுதிக் கொடுத்தாள். நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விளக்கம் கேட்டதற்கும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகச் சிலருக்கு வெறும் மாவைத்தான் குடுப்போம்; யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு ஆராய்ச்சி முடியற வரைக்கும் எங்களுக்கே தெரியாது. இன்னிக்குத்தான் உறையைப் பிரிச்சோம். உங்கப்பாவுக்குக் குடுத்தது மாவு மாத்திரைம்மா."

"பார்த்தீங்களா? அப்போ அவ்வளவும் பொய்! நான் அன்னிக்கே சொன்னேன்ல, அந்த நர்ஸ்தான்..."

"கொஞ்சம் இருங்க. நோயாளி பேசறதை மணி போட்டு எழுதி, சீல் வெச்சுக் குடுக்கறது அவங்க வேலை. அதையும் இன்னிக்குத்தான் பிரிச்சோம். நீங்களே படிங்க."

பதினொன்றரை மணிக்கு நேரே, அப்பா பேசியது அப்படியே இருந்தது:

"எனக்கு ஒண்ணுமே ஆகலையே, சிஸ்டர். ஆனா இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நோட்டீஸ்ல போட்டிருக்கிற மாதிரி நாலு வரி என் பொண்ணுகிட்ட சொல்லப்போறேன். 'புள்ளை மேல எனக்குக் கோபமில்லைன்னு சொல்லிடுங்க'ன்னு அவங்கம்மா என்கிட்ட சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா. நாலு வருஷமா சொல்லாம வெச்சிருந்தவன் நான்தான். என் கோபம் அப்படி. இப்போ எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? மாத்திரை சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும்."