நாற்பது சேலை

இரண்டு முட்டியிலும் வலி. பதினைந்து வருடம் செங்கல் சுமந்தவள் நான். வாடிக்கையாளர்போலக் கடைக்குள் போய் வேவு பார்ப்பது சுலபம் என்று நினைத்துச் சேர்ந்தேன். சேரும்போது மேனேஜர் சொன்னது இவ்வளவுதான். முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும், ஒன்றும் வாங்காமல் எழுந்து வர வேண்டும், விற்கிற பெண்ணின் முகம் கோணியதா என்று எழுத வேண்டும். பேச்சு வளர்க்கக் கூடாது.

அன்று எனக்குச் சேலை காட்டிய பெண்ணின் கழுத்து அட்டையில் முத்தரசி என்று இருந்தது. இருபதாவது சேலையில், நான் முட்டியைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“வலிக்குதாக்கா? எனக்குக் காலையிலருந்து நின்னே குதிகால் போச்சு. உக்காந்தா வேலை போயிரும். வாங்கலன்னாலும் பரவால்ல, மெதுவாப் பாருங்க. மடிக்கிற சாக்குல செத்த நேரம் தரையில உக்காந்துக்கிறேன்.”

“யாராச்சும் பாத்துட்டா?”

“வேவு பாக்க ஆள் விடுறாங்களாம். அந்த மூஞ்சியெல்லாம் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிரும்க்கா.”

சிரித்துக்கொண்டே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் நாற்பது சேலை கேட்டேன். அவள் முகம் கோணவே இல்லை.

அதைப் படிவத்தில் எழுதினேன். அடுத்த கேள்வி, பணியாளர் உட்கார்ந்தாரா என்பது. சில நேரம் கேமராவைப் போட்டு ஒத்துப்பார்ப்பார்கள். போன மாதம் பொய் எழுதிய ஒருத்தியை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். ஆம் என்று எழுதினேன்.

மறுவாரம் அந்த இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். முத்தரசிக்கு நான் ஒரு வேலை கடன்பட்டிருக்கிறேன்.