முதல் வளையல்

பாளையங்கோட்டை மண்டபத்தில் நறுமுகைக்கு வளைகாப்பு. வலக்கையில் அம்மா செண்பகவல்லியும் இடக்கையில் மாமியார் கோமதியும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் வளையலை ஏற்றிவிட்டார்கள். முதல் வளையல் யாருடையதோ அவர்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார் என்பது நிச்சயதார்த்தத்தன்றே பேசி முடித்தது. அதற்காகவே நறுமுகையின் தலையில் ஒரு பட்டை மாட்டியிருந்தார்கள். எந்தத் தொடுகையை மூளை முதலில் உணர்ந்தது என்று அது சொல்லிவிடும்.

கருவியோடு வந்திருந்த பட்டைக்காரர் திரையைப் பார்த்தார். "வலக்கைதான். ஒரு இம்மி முந்திட்டு."

"அது எப்படி?" என்றார் கோமதி. "இடக்கை சேதி வலது மூளைக்குப் போயி, ரெண்டுக்கும் நடுவுல உள்ள பாலத்தைத் தாண்டி, பேச்சு இருக்க இடது மூளைகிட்ட வந்து சொல்லணும்லா. அந்தப் பாலத்து நேரத்தைக் கழிங்க."

"பாலம் எங்க வீட்டுச் சோத்துல வளந்தது, மதினி. அதுல நீங்க எப்படிக் கழிவு கேப்பிய?" என்றார் செண்பகவல்லி.

ஏழு வகைச் சோறும் ஆறிக்கொண்டிருந்தது. நறுமுகைக்கு இடுப்பு கடுத்தது. மூளை தன்னுடையது, ஆனாலும் தன்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டைக்காரர் பாலத்தைக் கழித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ரெண்டு கைக்கும் முன்னாடி வயித்துல ஒண்ணு பதிஞ்சிருக்கு. பிள்ளை உதைச்சிருக்கு. மூளை ரெண்டு பாதியும் மொதல்ல அதைத்தான் கவனிச்சிருக்கு."

நறுமுகைக்குக் கண் கலங்கியது. சம்பந்திகள் இருவரும் அவள் பக்கம் குனிந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவளிடமே கேட்டார்கள்.

"எந்தப் பக்கம் உதைச்சுது?"