பச்சிலை மாலை

காட்டுக்காகப் போருக்குப் போய் வந்த கிழட்டுக் குதிரைக்குக் காலில் புண் புரையோடிவிட்டது. ஜென்ம விரோதிகளான காகமும் ஆந்தையும் அதற்காக ஒரே கிளையில் உட்கார்ந்தன.

"நமக்காகக் காலைக் கொடுத்தவர். வைத்தியர் சொன்ன பச்சிலையை அரைத்துக் கட்டியே ஆகணும்," என்றது காகம்.

"இதிலே எனக்கும் மறுபேச்சு இல்லை," என்றது ஆந்தை.

காடே ஆரவாரம் செய்தது. இப்படியொரு ஒற்றுமைக்கு மாலை மரியாதை வேண்டாமா? பூ கிடைக்காத கோடை. மிஞ்சியிருந்த ஒரே பச்சிலைச் செடியை மொட்டையடித்து இரண்டு மாலை கட்டினார்கள். காகமும் ஆந்தையும் ஒன்றுக்கொன்று போட்டுக்கொண்டன.

மாலையும் கழுத்துமாக இரண்டும் நலம் விசாரிக்க வந்தபோது, ஈயை விரட்டக்கூடக் குதிரையின் வாலில் தெம்பில்லை. அது மாலையை முகர்ந்து பார்த்தது.

"வைத்தியர் சொன்ன இலை இதுதானே, ஐயா?"

காகம் பின்வாங்கியது. "இது ஆந்தையம்மா போட்டதுங்க. கழற்றினால் எங்க ஒற்றுமை என்ன ஆகிறது?"